பாலம் தாண்டியாச்சு

சகலைகள் இருவரும் உட்கார்ந்து பேசுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. நகரத்திலிருந்து மாமனார் வீட்டுக்கு யார் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் அது.

எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலை நேராகத் தெற்கே இறங்கிக் கடலைப் பார்த்து முடியும். கடைசித் தெருவில் மாமனார் வீடு. வருடத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூடம் அடைத்ததும், மகள்கள் இருவரும் குடும்பத்தோடு அங்கே போவார்கள். முதல் வருடம் பெரிய மாப்பிள்ளை பன்னிரண்டு மணி நேரத்தில் வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். சின்ன மாப்பிள்ளை மருத்துவக் கருவி விற்கிறவர், வாரத்தில் ஐந்து நாள் காரிலேயே குடித்தனம். அவர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "நாங்க பதினொண்ணரைல வந்துட்டோம் சகலை, வழியில படுத்து வேற எழுந்தேன்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. போன வருடம் சின்ன மாப்பிள்ளை ஒன்பதரை மணி நேரத்தில் வந்து, வாசலில் காரை நிறுத்தி, பெரியவர் வரும்வரை பானெட்டின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பைப் பெரிய மாப்பிள்ளையால் ஒரு வருடமாக மறக்க முடியவில்லை.

பெரிய மாப்பிள்ளையின் மனைவி பெரியவளுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். நாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்களில் ஒட்டிய எண்களைச் சரிபார்த்து, ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டில் கணவர் எதையாவது கொஞ்சம் ஏற்றிச் சொன்னால்கூட, "அப்படியெல்லாம் இல்லைங்க, சாதாரணமாத்தான் இருந்துச்சு" என்று எல்லோர் முன்னாலும் திருத்திவிடுவாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று உறவில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் முதல்நாளே ரயிலேறிவிட்டான். "அப்பா ஓட்டுற வண்டியில நான் வரல. நான் உயிரோட இருந்து பரீட்சை எழுதணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த வருடம் இரண்டு வண்டிகளும் ஒரே காலையில் கிளம்பின. சகலைகள் நகரத்தின் இரண்டு முனைகளில் குடியிருந்தார்கள். ஊர் எல்லைச் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது ஒருவருக்கொருவர் போன் செய்ய வேண்டும், அதிலிருந்து கணக்கு. எல்லாம் வாய்மொழி நம்பிக்கைதான்.

வெயில் ஏறும்வரை பெரிய மாப்பிள்ளை ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. காலைச் சாப்பாடு என்று மடியில் வைத்திருந்த ரொட்டியைப் பெரியவள் பிய்த்துப் பிய்த்து அவர் வாயில் வைத்தாள். தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டியிருக்கும் என்று தான் நாக்கை நனைத்துக்கொண்டதோடு சரி. முன்னால் போகும் லாரியை இடப்பக்கம் ஏறி முந்தும்போதெல்லாம் அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"பிரேக் உன் பக்கம் இல்ல" என்றார் அவர்.

"இருந்திருந்தா நல்லாருக்கும்."

அவர் சிரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். அப்படி அவர் இருக்கும்போது கெடுக்க அவளுக்கு மனம் வருவதில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வை வேலை. பாதி நாள் யாராவது நடு மாடியில் சிக்கிக்கொண்டு போனில் கத்துவதைக் கேட்டபடியே சாப்பிடுகிற மனிதர். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவர் முகத்தில் வயது தெரியாது.

அப்போதுதான் போன் அடித்தது. சின்னவள்.

"எங்கக்கா இருக்கீங்க?"

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து ஆட்டினார். பிறகு குரல் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்: பாலம். பாலம் தாண்டியாச்சுன்னு சொல்லு.

பெரிய ஆற்றுப் பாலம் பாதி வழிக்கு அடையாளம். அதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பாதிகூட வரவில்லை.

அவள் அவரை முறைத்தாள். அவர் பையனைப் போலக் கண்ணைச் சிமிட்டிக் கெஞ்சினார். ஒரு நொடி. "பாலம் தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டாள். தன் குரல் தனக்கே மொட்டையாகக் கேட்டதால், "ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லடி, வெறும் மணலு. பாக்கவே பாவமா இருக்கு" என்றும் சேர்த்தாள்.

மறுமுனையில் சின்னவள் யாரிடமோ திரும்பி ஏதோ சொல்வதும், சின்ன மாப்பிள்ளை "நிஜமாவா?" என்பதும் கேட்டது. பின்னால் குட்டி, சின்னவளின் ஆறு வயது மகள், ஏதோ பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"நாங்க இப்பத்தான் சிமெண்ட் ஆலையத் தாண்டுறோம்" என்றாள் சின்னவள். "சரிக்கா, வைக்கிறேன்." அவள் வைப்பதற்குள் இன்ஜின் சத்தம் ஒரு படி ஏறியது பெரியவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஆத்துல தண்ணி இல்லையா" என்று பெரிய மாப்பிள்ளை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "உனக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு தெரியாமப் போச்சே." பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. "சிமெண்ட் ஆலையா? அப்ப நமக்கு முன்னாடி போறாங்க. இருபது நிமிஷமாவது முன்னாடி."

வண்டி வேகமெடுத்தது.

பெரியவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ஒரு நிமிடம் முன்பு வரை வேடிக்கையாக இருந்தது இப்போது வேடிக்கையாக இல்லை. அந்த வண்டியில் குழந்தை இருக்கிறது. போன் செய்து, "சும்மா சொன்னேன்டி, நாங்க உங்களுக்குப் பின்னாலதான் வர்றோம்" என்று சொல்லிவிட்டால் என்ன? இவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

அழைத்தாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"யாருக்கு?"

"சின்னவளுக்கு."

"எதுக்கு இப்ப?"

அவள் மறுபடி அழைத்தாள். மூன்றாவது தடவை மணியே அடிக்கவில்லை. தொடர்புகொள்ள முடியாது என்று பதிவு செய்த குரல் சொன்னது. சின்ன மாப்பிள்ளையின் எண்ணை முயன்றாள். அது அடித்தது. அதையும் யாரும் எடுக்கவில்லை.

"சிக்னல் இருக்காது" என்றார் கணவர்.

"ஒருத்தர் போனுக்கு இருக்கு, ஒருத்தர் போனுக்கு இல்லையா?"

சிமெண்ட் ஆலையின் புகைபோக்கிகள் தெரிந்தன, பெரிதாயின, பின்னால் போயின. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போயிருப்பார்கள். முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டியவரை வண்டிகள் அசையாமல் நின்றன. ஓட்டுநர்கள் கீழே இறங்கி எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார். முன்பக்கமிருந்து நடந்து வந்த ஒரு லாரிக்காரர் யாரும் கேட்காமலே சொன்னார். "ஒரு மணி நேரமாவது ஆகும். கார் ஒண்ணு லாரிக்கு அடியில போயிருச்சு."

"என்ன கார்?" என்றாள் பெரியவள்.

"வெள்ளைக் காரு. குடும்பமா வந்தவங்க போலிருக்கு."

சின்ன மாப்பிள்ளையின் கார் வெள்ளை.

கதவை எப்போது திறந்தாள், எப்போது இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. கணவர் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்டது. வண்டியை அப்படியே நடுரோட்டில் விட்டுவிட்டு அவரால் உடனே வர முடியவில்லை. அவள் லாரிகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் சூடான இரும்பு, டீசல் நெடி. நிறுத்திய இன்ஜின்களிலிருந்து அனல் கணுக்காலில் அடித்தது. ஒரு பேருந்தின் ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள், "அங்க போகாதம்மா, பாக்க முடியாது" என்றாள். பெரியவள் ஓடத் தொடங்கினாள்.

வெள்ளைக் கார் எத்தனை ஆயிரம் இருக்கும். ஊரில் பாதிப் பேர் வெள்ளைக் கார்தான் வைத்திருக்கிறார்கள். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆலையைத் தாண்டியவர்கள், இவர்களைவிட இருபது நிமிடம் முன்னால் போனவர்கள், அவள் பேச்சை நம்பி வேகமெடுத்தவர்கள், சரியாக இந்த இடத்துக்குத்தான் வந்திருப்பார்கள். அந்தக் கணக்கும் கூடவே ஓடி வந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க போறீங்க?"

"எங்க தங்கச்சி வண்டியான்னு பாக்கணும்."

அவர் கை இறங்கியது. குரலும் இறங்கியது. "வண்டி நம்பர் சொல்லுங்கம்மா."

பெரியவள் வாயைத் திறந்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு எண்களைக் கண்ணால் தின்று பிழைக்கிறவளுக்குத் தங்கை கார் எண்ணில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அந்தக் காரின் பின்சீட்டில் குட்டி சாக்லேட்டைத் தேய்த்த கறை ஞாபகம் வந்தது. எண் மட்டும் வரவில்லை.

லாரியின் பின்புறத்துக்கு அடியில் காரின் முன்பாதி போயிருந்தது. மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டிருந்தார்கள். பின் சக்கரமும், வெள்ளைத் தகடும், வளைந்துபோன எண் பலகையும் தெரிந்தன. கணவருக்கு போன் செய்தாள்.

"சின்னவ வண்டி நம்பர் என்ன?"

"எங்க நிக்கிற? என்னாச்சு?" என்றார் அவர்.

"சொல்லுங்களேன்."

"அது... கடைசியில நாலு ஏழு."

அவள் அதைச் சொன்னதும் போலீஸ்காரர் குனிந்து பலகையின் கடைசிப் பக்கத்தைத் துடைத்தார். "நாலு" என்றார். பெரியவள் பக்கத்து லாரியைப் பிடித்துக்கொண்டாள். அவர் மடங்கியிருந்த மூலையைக் கையால் நிமிர்த்தினார். "நாலு ஒண்ணு."

"ஏழா, ஒண்ணா? நல்லாப் பாருங்க."

"ஒண்ணுதான்மா. வந்து நீங்களே பாருங்க."

ஒன்றுதான்.

அவளுக்குப் போன உயிர் வந்தது. அந்த உயிர் வந்த வேகத்திலேயே, தார்ப்பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவரையும் பார்த்தாள். சட்டையெல்லாம் கண்ணாடித் தூள். யாரோ கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை மூடியைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அந்த மனிதர் பார்த்துவிட்டார். பெரியவள் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனாள். அந்தப் பார்வையை அவள் அதற்கப்புறம் யாரிடமும் சொன்னதில்லை.

சாலையோரம் வந்து நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா."

"எங்கடி இருக்க?"

"வண்டி கவுந்துருச்சுக்கா." சின்னவள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மெலிந்திருந்தது. "குட்டிக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு நெத்தியில தையல் போடுறாங்க. எனக்குத் தோள்பட்ட எலும்பு போயிருச்சு போலிருக்கு. என் போனு எங்க விழுந்துச்சோ தெரியல. இது நர்ஸோட போன்."

"எந்த இடம்? நாங்க ஆலையத் தாண்டித்தான் இருக்கோம், இதோ வந்துர்றோம்."

"ஆலையத் தாண்டியா?" என்றாள் சின்னவள். பாலம் தாண்டியாச்சு என்று சொன்னது பொய் என்பதைத் தன் வாயே காட்டிக்கொடுத்துவிட்டது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாங்க ஆல வரைக்கும் வரவே இல்லக்கா" என்றாள். "உங்களுக்குப் பின்னாடி இருக்கோம். வழியில நின்னதுல லேட்டாயிருச்சு."

தடுப்புச்சுவரில் இருந்த ஒரு திறப்பின் வழியாகச் சில கார்கள் திரும்பிக்கொண்டிருந்தன. பெரிய மாப்பிள்ளையும் திருப்பினார். காலையிலிருந்து பறந்து வந்த சாலையில் இப்போது வலப்பக்கம் எல்லோரும் தாண்டிப் போக, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு மொபெட்கூட அவரை முந்தியது. அவசரமாகப் போக வேண்டிய நேரம் இதுதான் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் கால் அழுந்தவில்லை. பெரியவளும் கேட்கவில்லை.

ஆலையைத் தாண்டியதும் அவர் சொன்னார். "நான்தான சொல்லச் சொன்னேன்."

"சொன்னது நான்."

"நான் கேக்கலேன்னா நீ சொல்லியிருக்க மாட்ட."

"தண்ணி இல்லைன்னு நீங்க சொல்லச் சொல்லல."

அவர் இன்னொரு லாரிக்கு வழி விட்டார்.

சின்னவள் சொன்ன இடம் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. இரண்டு படுக்கை, ஒரு மேஜை, சுவரில் கை கழுவும் படம். சின்ன மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் நெற்றிக் கட்டோடு உட்கார்ந்து, காலணி இல்லாத தன் ஒரு பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சகலையைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்தார். "டயர் வெடிச்சுருச்சு சகலை" என்றார். "நூத்தி நாப்பதுல வெடிச்சுருச்சு." பெரிய மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கால்மேல் கையை வைத்தார்.

உள்ளே சின்னவள் கையைத் துணியால் மார்போடு கட்டிப் படுத்திருந்தாள். கால்மாட்டில் குட்டி, நர்ஸ் கொடுத்த பஞ்சு உருண்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவள், "பெரியம்மா, நாங்க தலகீழா இருந்தோம்" என்றாள். பெரியவள் அவளைத் தூக்கிக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மண்ணும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்தது.

"நீ ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவியா?" என்றாள் சின்னவள்.

"கேளு."

"போன்ல பேசுனப்ப எங்க இருந்தீங்க?"

"பாலத்தப் பாக்கவே இல்ல. ஆலைக்கே வரல."

சின்னவள் கூரையைப் பார்த்தாள். "அவரு முதல்ல நம்பவே இல்லக்கா. 'சகலை புளுகுறாரு, பின்னாலிருந்து சொல்லிக் குடுக்குறாரு'ன்னு சிரிச்சாரு. நான்தான், ஆத்துல தண்ணி இல்லன்னு சொல்றாளேன்னேன். உடனே அவரு, அப்ப சரி, உங்கக்கா பாக்காததச் சொல்லமாட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் மிதிச்சாரு."

பெரியவள் குழந்தையை இறக்கிவிட்டாள். உட்கார நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

"நாங்களும்தான் புளுகினோம்" என்றாள் சின்னவள். தங்கை தன்னைத் தேற்றுகிறாள் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

எலும்பைச் சரிசெய்யப் பக்கத்து ஊர்ப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். இருந்த ஒரே ஆம்புலன்ஸ் அந்த லாரி விபத்துக்குப் போயிருந்தது. பெரிய மாப்பிள்ளை சாவியை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அவர் அதை மனைவியிடம் நீட்டினார்.

பெரியவளுக்கு உரிமம் உண்டு. நெடுஞ்சாலையில் ஓட்டியதில்லை, யாரும் விட்டதில்லை. முன்சீட்டைச் சாய்த்துத் தங்கையைப் படுக்க வைத்தார்கள். பின்னால் சகலைகள் இருவரும், நடுவில் குட்டியும். சாலையில் சின்ன ஒட்டு இருந்தாலும் சின்னவள் பல்லைக் கடித்து ஒரு சத்தம் எழுப்பினாள். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியவள் வேகத்தை இன்னும் குறைத்தாள். எங்கே ஒட்டு, எங்கே பள்ளம், எங்கே பாலத்தின் இணைப்பு என்று கண்ணைச் சுருக்கித் தார்ச்சாலையைத் தடவித் தடவிப் போனாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஒருவர் கையை வெளியே நீட்டி ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

"தூக்கிப் போடுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இல்ல. இப்படியே போ" என்றாள் சின்னவள்.

முப்பது கிலோமீட்டர்தான். அவள் வாழ்நாளிலேயே நீளமான பயணம் அதுதான். போய்ச் சேர்ந்து, சின்னவளை உருளும் படுக்கையில் ஏற்றி உள்ளே கொண்டுபோன பிறகும், அவள் விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன.

மறுநாள் எலும்பில் தகடு வைத்தார்கள். அம்மாவும் அப்பாவும் பேரனைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்தார்கள். அந்த வருட விடுமுறை முழுக்க அந்த ஊர் விடுதியில் கழிந்தது. நடந்ததை யாரும் மறைக்கவில்லை. பெரியவளே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "இத்தன வருஷமா வாசல்ல நின்னு யாரு மொதல்லன்னு கேட்டவன் நான்தான்" என்று மட்டும் சொன்னார். சகலைகள் விடுதி வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச என்ன இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறினார்கள். மூன்றாம் நாள் பெரியவர் பையனின் பரீட்சையைப் பற்றி ஆரம்பித்தார். சின்னவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பழையபடி சிரிப்பு வர ரொம்ப நாள் ஆயிற்று.

தோள் கூடிவிட்டது. சின்னவள் வேலைக்குப் போகிறாள், குட்டியைத் தூக்குகிறாள். அக்கா மேல் கோபம் எதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறையாவது போன் செய்கிறாள். ஆனால் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரியவள் எது சொன்னாலும், காய்ச்சல் விட்டுவிட்டது என்றாலும், சாப்பிட்டாச்சு என்றாலும், சின்னவள் வாயிலிருந்து தன்னையறியாமல் அந்த ஒரு சொல் வந்துவிடுகிறது. வந்த பிறகு அவளே சங்கடப்பட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

ஒருநாள் மாலை பெரியவள் துணி எடுக்க மாடிக்கு ஓடிக்கொண்டே பேசினாள்.

"இங்க நல்ல மழைடி."

"நிஜமாவாக்கா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் படியில் நின்றாள். பிறகு மாடிக் கதவைத் திறந்து, போனை வெளியே மழையில் நீட்டி, தங்கைக்குக் கேட்கும்வரை கையை அப்படியே வைத்திருந்தாள்.